பழைய வீடியோ கேம் ஆட எந்த டி.வி. நல்லது?

செகந்திராபாத்தில் பத்மாராவ் நகர், மாரேட்பள்ளி, மெட்டுகுடா, சீதாபல்மண்டி பக்கங்களில் குடியிருக்கும் தமிழர்களில், இப்போது நாற்பது வயதைத் தொட்டுக் கொண்டிருப்பவர்களுக்கு ஒரு ஞாபகம் பொதுவானது. கோடை விடுமுறை. பகல் சாப்பாடு ஆனதும் பெரியவர்கள் கண்ணயர்ந்து விடுவார்கள். டி.வி.யின் சத்தத்தை அடக்கிவிட்டு, பின்புறத்தில் ஒரு ஒயரைச் செருகி, அண்ணனும் தம்பியும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவார்கள். ‘கேசட்’ தகராறு செய்தால் வாயால் ஊதி மறுபடி போடுவார்கள். ஊதியதால்தான் அது வேலை செய்தது என்று இன்றும் சாதிப்பவர்கள் உண்டு. எடுத்துத் திரும்பச் செருகியதில் தொடர்பு சரியாயிற்று என்பதே வாஸ்தவம். ஊதியதில் எச்சில் ஈரம் பட்டுத் தகடு கறுத்ததுதான் மிச்சம்.

ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் கொண்டு வந்த பேமிகாம் மெஷினின் நகல்கள்தான் அவை. 1990களில் நம் நாட்டில் மீடியா முதலான பெயர்களில் விற்றன. அன்று அவற்றை ஆடிய சிறுவர்கள் இன்று ரயில்வேயிலும் வங்கியிலும் தனியார் ஆபீஸ்களிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். ஊருக்குப் போன இடத்தில் பரணிலிருந்து அந்த மெஷின் அகப்படுகிறது; அல்லது அதே கேம்கள் அடங்கிய புது மெஷின் ஒன்றைக் கடையில் பார்த்து, பிள்ளைக்கு என்ற பெயரில் தனக்காக வாங்கிவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து, சுவரில் மாட்டியிருக்கும் எல்.இ.டி. டி.வி.யில் செருகினால் ஏமாற்றம். படம் பக்கவாட்டில் இழுபட்டு, மரியோ குள்ளனாகவும் குண்டனாகவும் தெரிகிறான். ஓரமெல்லாம் பிசிறு. அதைவிட மோசம், பட்டனை அழுத்திய பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுக் குதிக்கிறான். நேரே பள்ளத்தில் விழுகிறான். அப்பா “வயசாச்சு, கை வரமாட்டேங்குது” என்கிறார். பிள்ளை “இதுதானாப்பா உங்க காலத்து கேம்?” என்று கேட்டுவிட்டு செல்போனுக்குப் போய்விடுகிறான்.

அப்பாவின் கையும் பழுதில்லை, மெஷினும் பழுதில்லை. கோளாறு திரையில் இருக்கிறது. இது தெரியாமல் இன்னும் பெரிய டி.வி.யாக வாங்கினால் கோளாறும் பெரிதாகத் தெரியுமே தவிரக் குறையாது. தவணையில் டி.வி. வாங்குமுன், அல்லது மூலையில் கிடக்கும் பழைய பெட்டியைச் சாமான்காரரிடம் போடுமுன், இந்த விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்வது நல்லது.

நாலு மேஜை தாண்டி வரும் படம்

ஹைதராபாத் பக்கத்தில் ‘டப்பா டி.வி.’ என்று சொல்லும் பழைய டி.வி.யின் பின்புறம் அத்தனை நீளமாகப் புடைத்திருப்பது வீணுக்கு அல்ல. உள்ளே பிக்சர் டியூபின் கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை புறப்பட்டு, கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் பாஸ்பரைத் தாக்குகிறது. பட்ட இடம் ஒளிர்கிறது. இந்தக் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரி வரியாக எழுதிக் கொண்டே போகும். நம் நாட்டு முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள். விநாடிக்கு 50 தடவை கற்றை மேலிருந்து கீழே வருகிறது. ஒரு தடவை ஒற்றை வரிகள், அடுத்த தடவை இரட்டை வரிகள் என்று மாறி மாறி எழுதி நிரப்பும்.

பழைய வீடியோ கேம் மெஷின் இங்கே ஒரு தந்திரம் செய்தது. ஒவ்வொரு தடவையும் அதே வரிகளிலேயே எழுதும்படி டி.வி.யை ஏவியது. நடு வரிகள் இருட்டாகவே நின்றன. பழைய கேம் படத்தை உற்றுப் பார்த்தால் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும் அல்லவா, அவை இவைதான். பேமிகாம் அனுப்பும் படம் 256 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் மட்டுமே உள்ளது. அந்தக் கோடுகளும், கண்ணாடியில் ஒளி இலேசாகக் கசிந்து பரவுவதும் சேர்ந்துதான் அந்தச் சொற்பப் புள்ளிகளுக்கு ஓர் உருவ அழகைக் கொடுத்தன. படம் வரைந்தவர்களும் அந்தத் திரையை எதிரில் வைத்துக் கொண்டே வரைந்தார்கள். செகா கம்பெனியின் ‘சோனிக்’ கேமில் வரும் அருவி பெட்டி டி.வி.யில் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். புது டி.வி.யில் அது கம்பி கட்டிய ஜன்னல்!

முக்கியமான வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. பெட்டி டி.வி.க்கு யோசிக்கத் தெரியாது. சிக்னல் வரும்போதே எழுதிவிடும். புது டி.வி. அப்படியல்ல. முதலில் படத்தை வாங்கி வைத்துக் கொள்கிறது. இது ஒற்றை வரியா, இரட்டை வரியா என்று பார்த்து இரண்டையும் பின்னப் பார்க்கிறது. பிறகு தன் திரைக்குத் தக்கபடி பெரிதாக்குகிறது, பிசிறு நீக்குகிறது, மெருகு போடுகிறது, அதற்கப்புறம்தான் காட்டுகிறது. ஆபீசில் ஒரு பைல் நாலு மேஜை தாண்டி, நாலு கையெழுத்து வாங்கி வருவதற்கு ஒப்பானது இது. சினிமாவோ செய்தியோ பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரியாது, ஏனென்றால் சத்தமும் அதே அளவு தாமதித்து வரும். கேம் ஆடும்போது மட்டும் விரலுக்கும் கண்ணுக்கும் நடுவே அது புகுந்து விடுகிறது.

தாமதம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்வோம். ‘கேம் மோட்’ போடாத எல்.சி.டி. டி.வி.களில் இது அபூர்வமில்லை. அந்த நேரத்தில் மெஷின் ஐந்து படங்களை அனுப்பிவிடும். முழு வேகத்தில் ஓடும் மரியோ ஒரு படத்துக்கு இரண்டரைப் புள்ளி நகர்கிறான். அவன் ஓடும் பாதையில் ஒரு செங்கல்லின் அகலம் 16 புள்ளி. ஆக, கண்ணுக்குத் தெரியும் இடத்தைவிட முக்கால் செங்கல் முன்னால் அவன் ஏற்கெனவே போயாயிற்று. பள்ளத்தின் விளிம்பில் குதிக்க நினைப்பவன் பள்ளத்துக்குள்தான் இருப்பான்.

இன்னொன்று. அடிபட்ட வீரன் சில விநாடி மின்னி மின்னித் தெரிவான். ஒரு படத்தில் இருப்பான், அடுத்ததில் இருக்கமாட்டான். இரண்டு படங்களையும் ஒன்றாகப் பின்னும் புது டி.வி.களில் அவன் சீப்புப் பல் போலக் கிழிந்து தெரிகிறான், சிலவற்றில் காணாமலே போய்விடுகிறான்.

வாத்து சுடும் துப்பாக்கி

மெஷினோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதைக் கொண்டு வாத்து சுடுவதுதான் வீட்டுப் பெண்மணிகள்கூட ஆசையாய் ஆடிய கேம். புது டி.வி.யில் எத்தனை சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் அநேகம்.

துப்பாக்கியிலிருந்து டி.வி.க்கு எதுவும் பாய்வதில்லை. டி.வி.யிலிருந்துதான் துப்பாக்கிக்குள் வெளிச்சம் போகிறது. விசையை இழுத்த கணத்தில் மெஷின் திரை முழுவதையும் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் காட்டும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரும் கருவிக்கு அந்த வெள்ளை தெரிந்தால் வாத்து விழுந்தது என்று கணக்கு. எல்லாம் கண் இமைப்பதற்குள் நடந்தாக வேண்டும். பிக்சர் டியூபின் வேகமான மினுமினுப்பை மட்டுமே அறியும்படி அந்தக் கருவி அமைந்திருக்கிறது. எல்.சி.டி.யில் அந்த மினுமினுப்பும் கிடையாது, வெள்ளைச் சதுரம் வந்து சேரும்போது மெஷின் கணக்கை முடித்தும் இருக்கும். எனவே துப்பாக்கி கேம் ஆட வேண்டும் என்பவருக்குப் பெட்டி டி.வி.யைத் தவிர வேறு வழி இல்லை. எத்தனை ஆயிரம் கொடுத்து எத்தனை அங்குல எல்.இ.டி. வாங்கினாலும் இதில் பயன் இல்லை.

ஈ.சி. டி.வி. பிறந்த ஊர்

பெட்டி டி.வி.யைப் பற்றிப் பேச இந்த ஊருக்கு விசேஷ உரிமை உண்டு. அணுசக்தித் துறையின் கீழ் 1967-ல் இங்கே தொடங்கப்பட்ட எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா நிறுவனம், அதாவது ஈ.சி.ஐ.எல்., நாட்டில் டி.வி. பெட்டி செய்த முன்னோடிகளில் ஒன்று. அதை உருவாக்கிய ஏ.எஸ். ராவின் பெயரில்தான் ஏ.எஸ். ராவ் நகர் இருக்கிறது. 1975-76-ல் துணைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டிய ‘சைட்’ பரிசோதனைக்குப் பெட்டிகள் செய்து கொடுத்ததும் ஈ.சி.ஐ.எல்.தான். ஹைதராபாத் தூர்தர்ஷன் நிலையம் 1977-ல் வந்தது. கறுப்பு-வெள்ளை ஈ.சி. டி.வி. அக்காலத்தில் நடுத்தரக் குடும்பத்தின் கௌரவச் சின்னம். இழுப்புக் கதவு போட்ட மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய வீடுகளும் உண்டு.

அப்படி ஒரு கறுப்பு-வெள்ளைப் பெட்டி எங்காவது உயிரோடு இருந்தால் அதிலும் கேம் ஆடலாம். மஞ்சள் பின் செருகும் ஏ.வி. துளை அதில் இருக்காது. ஏரியல் ஒயர் போகும் இடத்தில்தான் மெஷினின் ஒயரைக் கொடுத்து, குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். தரைவழியாக வந்த பழைய அனலாக் ஒளிபரப்புகளைத் தூர்தர்ஷன் 2022 வாக்கில் பெரும்பாலான ஊர்களில் நிறுத்திவிட்டது. ஆகவே அந்தப் பெட்டிக்கு வீட்டுக்குள் இருக்கும் கேம் மெஷின்தான் இனி ஸ்டேஷன். டாங்கி கேம் கறுப்பு-வெள்ளையிலும் சுவையாகவே இருக்கும். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய கேம்கள் மட்டும் சிரமம். ஆயினும் இது ஆசைக்குச் செய்வது. பிள்ளைகளும் சேர்ந்து ஆட வேண்டுமானால் கலர் பெட்டிதான் தோது.

ஊரில் இருக்கும் இலவச டி.வி.

விலைக்கு வாங்கப் புறப்படுமுன், சொந்த ஊரை ஒரு தடவை நினைத்துப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2006 முதல் 2011 வரை மு. கருணாநிதி ஆட்சியில் ஒன்றரைக் கோடி அளவில் குடும்பங்களுக்கு இலவசக் கலர் டி.வி. கொடுத்தார்கள். அவை எல்லாம் 14 அங்குலப் பெட்டிகள். உலகத்தின் பெரிய நகரங்களில் பழைய கேம் ரசிகர்கள் தேடி அலைந்து வாங்குவது இப்படிப்பட்ட சிறிய பெட்டிகளைத்தான் என்று சொன்னால், திண்டிவனத்திலோ திருப்பத்தூரிலோ அதன் மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்திருக்கும் பெரியம்மா நம்பமாட்டார்.

இந்த வேலைக்கு 14 அங்குலம் சிறிது என்று நினைக்க வேண்டாம். கேம் மெஷினின் கைப்பிடி ஒயர் சாதாரணமாக ஒன்றரை மீட்டர் தேறினாலே அதிகம். அந்தத் தூரத்தில் உட்கார்ந்து பார்க்க 14 அங்குலமே அளவாக இருக்கும். ஒண்டுக் குடித்தனத்தில் மூலையில் ஒரு ஸ்டூல் மீது வைக்கலாம். எடை பத்து கிலோ அளவில்தான் இருக்கும் என்பதால் ஒருவரே தூக்கலாம். அரசு முத்திரை போட்ட அந்தப் பெட்டியை விற்பதற்கில்லை என்பது கொடுத்தபோதே போட்ட நிபந்தனை. குடும்பத்துக்குள் அப்பா வீட்டிலிருந்து மகன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்கப் போவதில்லை.

சார்மினார் எக்ஸ்பிரஸில் கொண்டு வருகிறவர்கள், மேல் பலகையில் தூக்கி வைக்காமல் கீழ் சீட்டுக்கு அடியில், கனமான போர்வை சுற்றி வைப்பது உத்தமம். கனமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கிறது. மேலிருந்து சரிந்தால் அது தலையில் இறங்கும் எடை. ரிமோட்டை மறக்காமல் எடுத்து வர வேண்டும். ரிமோட் இல்லாவிட்டால் என்ன கஷ்டம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

‘சாலூ ஹை’

ஊரில் கிடைக்காதவர்களுக்கு இங்கேயே இடங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் எர்ரகட்டாவில் கூடும் சந்தையில் பழைய மின்சாரச் சாமான்கள் குவியும். கோட்டியில் குஜராத்தி கல்லி, ஸ்பீக்கர் முதல் ஸ்குரூ வரை எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்குப் பெயர் போனது. கேபிள், ரிமோட், பின் வகைகளுக்கு அதுவே இடம். செகந்திராபாத்தில் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டர் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் பேர்போனது. ஆபீஸ்கள் கழித்த பழைய மானிட்டர்களைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். இவற்றையெல்லாம் விடத் தெருவில் உள்ள பழைய டி.வி. மெக்கானிக்கை முதலில் கேட்பது மேல். யார் வீட்டில் எந்தப் பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்ற ஜாதகம் அவரிடம்தான் இருக்கும்.

பழைய பெட்டிக்கு நிர்ணய விலை கிடையாது. கொடுப்பவருக்கு இடத்தை அடைக்கும் சாமான், கேட்பவருக்கு ஆசைப் பொருள்; ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறும். ‘வீடியோ கேமுக்காக’ என்று சொல்லவே வேண்டாம்.

சந்தையில் எந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்டாலும் கடைக்காரர் “சாலூ ஹை” என்பார். ஓடுகிறது என்று அதற்குப் பொருள். அதே சொல்லுக்குத் தந்திரக்காரன் என்றும் இங்கே ஒரு பொருள் உண்டு என்பதை மறக்கலாகாது. போட்டுக் காட்டாத பெட்டியை வாங்குவதில்லை என்பதில் உறுதியாக இருக்க வேண்டும். கேம் மெஷினையும் ஏ.வி. கேபிளையும் கையோடு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

பெட்டி சூடு ஏறாமல் இருக்கும்போதே போடச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே ஓடிக் கொண்டிருக்கும் பெட்டியில் டியூபின் உண்மையான வயது தெரியாது. நல்ல டியூப் சில விநாடிகளில் படத்தைக் கொடுத்துவிடும். நிமிஷக் கணக்கில் மங்கலாக இருந்து மெதுவாகத் தெளிந்தால் டியூப் ‘வீக்’ என்று அர்த்தம். படம் முழுவதும் ஒரே நிறச் சாயை அடித்தாலும் அப்படியே. மற்ற உறுப்புகளை மெக்கானிக் மாற்றித் தருவார், ஆனால் டியூப் போனால் பெட்டியே போனது மாதிரிதான். பிக்சர் டியூப் இப்போது இந்தியாவில் எங்கும் புதிதாகச் செய்யப்படுவதில்லை.

முழு வெள்ளையான படம் ஒன்று வரும்போது மூலைகளைப் பார்க்க வேண்டும. பச்சை, ஊதா என்று திட்டு தெரிந்தால் பதற வேண்டியதில்லை. பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தம் இருந்ததால் வந்த கறையாக இருக்கலாம். கலர் பெட்டியை ‘ஆன்’ செய்தவுடன் உள்ளே ‘டங்’கென்று ஒரு சத்தம் வருகிறதே, அது அந்தக் கறையைத் துடைக்கும் ஏற்பாடு. அரை மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வெளிச்சமான காட்சி வரும்போதெல்லாம் படம் அகலமாகி, இருட்டுக் காட்சியில் சுருங்கினால் மின்சாரப் பகுதியில் கண்டென்சர்கள் காய்ந்து வருகின்றன என்று பொருள். இது சரிசெய்யக் கூடியது; விலையில் குறைத்துக் கேட்கலாம். ‘சட சட’வென்று பொரிகிற சத்தமோ, கருகிய வாடையோ வந்தால் எல்.ஓ.டி. போகும் தறுவாயில் இருக்கிறது. அந்தப் பெட்டி இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏ.வி. துளையை மறந்துவிடுகிறவர்கள் பலர். முன்பக்கத் துளைகள் பல பெட்டிகளில் உள்ளே விண்டு போயிருக்கும். பின்பக்கத் துளையில் செருகி, படமும் சத்தமும் ஒயரை அசைத்தாலும் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏ.வி.க்கு மாற்றும் பட்டன் பெட்டியிலேயே இருக்கிறதா, ரிமோட்டில் மட்டும் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ரிமோட்டில் மட்டும் இருந்து, ரிமோட் இல்லையென்றால், அந்த டி.வி. கேமைக் காட்டாது. குஜராத்தி கல்லியில் வேறு ரிமோட் பொருத்தமாகக் கிடைத்தால் பிழைத்தோம்.

படம் கறுப்பு-வெள்ளையாக வந்தாலோ, மேலும் கீழும் ஓடினாலோ பெட்டி கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. நம் நாட்டு டி.வி.கள் பி.ஏ.எல். முறை. சில கேம் மெஷின்கள் அமெரிக்கா, ஜப்பான் நாடுகளின் என்.டி.எஸ்.சி. முறையில் படம் அனுப்புகின்றன. டி.வி. மெனுவில் ‘சிஸ்டம்’ என்ற இடத்தில் ‘ஆட்டோ’ போட்டால் பல பெட்டிகளில் நிறம் வந்துவிடும். வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு முறையையும் ஏற்கும். இந்த ஊரில் வளைகுடாச் சாமானுக்குப் பஞ்சமில்லை.

அளவில் 21 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். 29 அங்குலப் பெட்டி பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் இரண்டு ஆள் சேர்ந்தால்தான் நகரும். வாராசிகுடாவில் மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லாத வீட்டில், அதை ஏற்றிய பிறகு வீட்டை மாற்றும் எண்ணமே வராது. கடைசிக் காலத்தில் வந்த விலை உயர்ந்த பெட்டிகளில் ‘100 ஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருக்கும். அவை படத்தை டிஜிட்டலாக மாற்றி இரட்டிப்பு வேகத்தில் காட்டுபவை. பெட்டி டி.வி.யாக இருந்தும் அவற்றில் தாமதம் உண்டு, துப்பாக்கியும் வேலை செய்யாது. சாதாரணப் பெட்டியே இங்கே உசத்தி.

பெட்டிக்கு இடமில்லாதவர்கள்

ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருக்கும் பிரம்மசாரிகளும், வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே சம்மதிக்காத வாடகைக் குடித்தனக்காரர்களும் என்ன செய்வது? இருக்கிற எல்.இ.டி. டி.வி.யையே கொஞ்சம் பணிய வைக்கலாம். படத்தின் அளவை ‘4:3’ என்று மாற்றினால் மரியோ பழைய உடம்புக்கு வருவான். பக்கங்களில் கறுப்புப் பட்டை இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதுதான் சரியான வடிவம். ‘கேம் மோட்’ இருந்தால் போட வேண்டும். அசைவை வழவழப்பாக்குவது, பிசிறு நீக்குவது என்று மெனுவில் உள்ள அலங்காரங்களை எல்லாம் அணைத்துவிட வேண்டும். பைல் போகும் மேஜைகள் இரண்டாவது குறையும்.

புது டி.வி.யில் மஞ்சள் துளை இல்லாவிட்டால், பின்புறத்தில் இயர்போன் துளை போன்ற ஒன்றின் பக்கத்தில் ‘ஏ.வி.’ என்று எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டும். அதற்கென்று ஒரு சிறிய ஒயர் உண்டு. அதுவும் இல்லாத பட்சத்தில்தான் எச்.டி.எம்.ஐ. கன்வர்ட்டர். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை டப்பி படத்தைக் கொண்டு வந்து சேர்க்கும், அவ்வளவுதான். ஒற்றை வரி, இரட்டை வரி குழப்பத்தை அதுவும் செய்யும். இந்தக் குழப்பம் தெரிந்து, பழைய கேமுக்கென்றே செய்த ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் இருக்கின்றன. தாமதம் மிகச் சொற்பம், படமும் கச்சிதம். ஆனால் அவை வெளிநாட்டுச் சரக்கு. மாதச் சம்பளக்காரர் அந்த விலைக்குப் போவது நியாயமில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆபீஸ்கள் கழித்த 17 அங்குலச் சதுர எல்.சி.டி. மானிட்டர் மலிவான நடுவழி. வடிவம் ஏறக்குறைய பழைய திரைக்குப் பொருந்துகிறது, டி.வி.யைப் போல மெருகு போடும் வேலைகள் அதில் கிடையாது. இதற்குப் பழைய மெஷினைச் செருக ஒரு கன்வர்ட்டர் வேண்டும் என்பதால், தாமதம் அந்த டப்பியைப் பொறுத்தது. பழைய மெஷினே வேண்டாம், கம்ப்யூட்டரில் கேமை ஓட்டுகிறோம் என்பவர்களுக்கு இது நேராகவே பொருந்தும். திரையில் பழைய கறுப்புக் கோடுகளை வரைந்து காட்டும் வசதிகூட அந்த புரோகிராம்களில் உண்டு.

எந்தத் திரையானாலும் தாமதத்தை அளந்து பார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. விநாடிக்கு 240 படம் எடுக்கும் ‘ஸ்லோ மோஷன்’ வசதி இன்று பல செல்போன்களில் உண்டு. பட்டன் மேல் இருக்கும் கட்டை விரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்து, விரல் அழுந்தியதிலிருந்து மரியோவின் கால் தரையை விட்டு எழும்பும் வரை எத்தனை படம் என்று எண்ண வேண்டும். ஒரு படத்துக்கு ஏறக்குறைய நாலு மில்லி விநாடி. மெஷின் தனக்காக எடுத்துக் கொள்ளும் நேரமும் இதில் சேரும். ஆகவே இரண்டு திரைகளில் இப்படி எடுத்து ஒப்பிட்டால்தான் எது மேல் என்று விளங்கும். கடைக்காரர் வியந்து பார்த்தால் பார்க்கட்டும்.

திறக்க வேண்டாம்

பெட்டி டி.வி. வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பின்மூடியைக் கழற்றித் தூசு தட்டலாம், சாலிடர் வைக்கலாம் என்று எவரும் தாமாக இறங்கக் கூடாது. கலர் டியூபுக்குப் போகும் மின்அழுத்தம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் டியூபில் தங்கி நிற்கும். தொழில் தெரிந்த மெக்கானிக்குகளே அதை முதலில் இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள். டியூபின் உள்ளே வெற்றிடம். கழுத்தில் அடிபட்டால் கண்ணாடி நொறுங்கித் தெறிக்கலாம்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஸ்டூலின் விளிம்பில் பெட்டியை வைப்பது ஆபத்து. ஆட்டத்தின் வேகத்தில் கைப்பிடி ஒயரை இழுப்பார்கள். மெஷின் வரும், அதன் ஒயரோடு டி.வி.யும் முன்னால் சாயும். தரையில் ஒரு தாழ்வான பலகை மீது, சுவரிலிருந்து நாலு விரல் இடம் விட்டு, மேலே துணி போர்த்தாமல் வைப்பது நல்லது. கேமை நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்போது டி.வி.யை அணைத்துவிட வேண்டும். ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் அதன் நிழல் பாஸ்பரில் பதிந்துவிடும்.

முடிந்து போன டியூபைக் குப்பைத் தொட்டியோரம் வைத்துவிட்டு வருவது இங்கே வழக்கமாக இருக்கிறது. செம்புக் கம்பிக்காக யாராவது அதை உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் டி.வி.யும் அடக்கம். பதிவு பெற்ற கழிவு நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாம். இல்லையென்றால் தெரு மெக்கானிக்கிடமே கொடுத்துவிடலாம். அதிலுள்ள நல்ல உறுப்புகளைக் கழற்றி அவர் இன்னொரு பெட்டிக்குப் போடுவார்.